ஜூலை 9-க்கு முன்

ஜூன் 3, 2024
பாலியல் தொழில் சட்டம் பற்றிய என் ஆய்வுக்குக் கேட்ட அனுமதிக் கடிதம் இன்றும் வரவில்லை.

ஜூன் 5
மதியம் அக்கா போன் செய்தார். கூடப்பிறந்தவர் இல்லை; இந்தத் தொழிலில் இருப்பவர், ஆய்வுக்காக நான் பேசுபவர். அவருடைய மகன் தம்பிக்குப் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு கிடைத்துவிட்டது, ஹாஸ்டலுக்கு முதல் தவணையும் கட்டியாயிற்றாம். விண்ணப்பத்தைப் படம் பிடித்து அனுப்பினார். பெற்றோர் தொழில் என்ற இடத்தில் ‘தையல்’. “எனக்குத் தையல் தெரியும் பாப்பா, பொய் இல்ல” என்றார். நான் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 8
காலையிலிருந்து ஒரே பிரிவில் நிற்கிறேன். இந்தியாவின் 1956 ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் (Immoral Traffic (Prevention) Act), பிரிவு 2. அதன்படி ‘விபச்சார விடுதி’ என்றால் முதலாளி வைத்து நடத்தும் இடம் மட்டும் இல்லை. இரண்டு பெண்கள் தங்கள் இருவரின் வருமானத்துக்காகச் சேர்ந்து நடத்தினாலும் விடுதிதான். ஒருத்தி உள்ளே இருக்கும்போது இன்னொருத்தி வாசலில் காவல் இருக்க ஒரு வீடு பிடித்தால், பிரிவு 3 இருவர் மேலும் பாயும். தெரிந்தே வீடு கொடுத்தவர் மேலும் பாயும்.

அப்படியானால் யாருடன் இருப்பது? அக்காவிடம் கேட்டேன். “தனியா இருந்தப்ப ஒருத்தன் கையை உடைச்சான். அப்புறம்தான் புரோக்கர்கிட்ட போனேன். ஸ்டேஷன்ல பேசுறதுக்கு அவனுக்கு ஆள் இருக்கு.”

நியூசிலாந்தின் 2003 சட்டத்தில் நான்கு பேர் வரை சேர்ந்து தொழில் செய்யலாம். அவரவர் வருமானம் அவரவரிடமே இருந்தால் உரிமம்கூட வேண்டாம். அங்கே நான்கு, இங்கே ஒன்று. கடத்தலை ஒழிக்க வந்த சட்டம்தானே இது? ஒரு பெண் புரோக்கர் இல்லாமல் பிழைக்கும் வழியை அது எதற்காக முதலில் அடைக்கிறது?

ஜூன் 9
இன்னும் ஒரு மாதம்.

ஜூன் 13
பத்திரிகைத் துண்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். ‘அழகிகள் மீட்பு, புரோக்கர் கைது.’ ‘தலைமறைவானவருக்கு வலைவீச்சு.’ அழகிகளாம்! கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: காப்பகத்தில் சேர்க்கப்பட்டனர். பிரிவு 17-ன்படி மாஜிஸ்திரேட் நினைத்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை அங்கே வைக்கலாம். கைதானவன் ஜாமீன் கேட்கலாம். மீட்கப்பட்டவள் எதைக் கேட்பாள்? 2020 செப்டம்பரில் மூன்று பெண்கள் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் வெளியே வந்தார்கள். வயது வந்தவர்கள், விரும்பிய இடத்தில் வாழ அவர்களுக்கு உரிமை உண்டு என்று அங்கே சொன்னார்கள்.

அக்கா தன் பேச்சில் மீட்பு என்ற சொல்லைப் பயன்படுத்துவதே இல்லை. “என்னை ஹோம்ல போட்டப்ப” என்றுதான் சொல்வார்.

ஜூன் 16
சோ, டிரெஹர், நியூமேயர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2013-ல் வெளியிட்ட கட்டுரையை, என் ஆய்வு நெறியாளர் மேடம் என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஓரத்தில் பென்சிலில்: “இதற்கு உன் பதில்?”

150 நாடுகள் வரை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தொழிலைச் சட்டபூர்வமாக்கினால் சந்தை பெரிதாகும், அதனால் கடத்தல் கூடும். இன்னொரு பக்கம், சட்டப்படி தொழில் செய்பவர்கள் கிடைப்பதால் கடத்தி வரப்பட்டவர்களின் தேவை குறையும். இந்த இரண்டில் முதலாவதே வலுவானது என்பது அவர்கள் முடிவு.

தூக்கம் வரவில்லை. அவர்களுடைய அளவுகோல் ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் தொகுத்தது. ஒரு நாட்டைப் பற்றி எத்தனை அறிக்கைகள் பேசுகின்றன என்பதை வைத்து வந்தது. தேடுகிற நாட்டில் அதிகம் கிடைக்கும், தேடாத நாடு சுத்தமாகத் தெரியும். இதை அவர்களும் மறைக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாமா? ஜெர்மனி 2002-ல் சட்டத்தைத் தளர்த்தியது, 2017-ல் பதிவைக் கட்டாயமாக்கி மறுபடி இறுக்கியது. அங்கே ஏதோ சரியாக நடக்கவில்லை. நியூசிலாந்திலும் தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஏமாற்றி அழைத்து வருவதற்கு மிக எளிதாகச் சிக்குபவர்கள் அவர்கள்தானே. ஜூன் 8-ல் எவ்வளவு உற்சாகமாக எழுதியிருக்கிறேன்!

ஜூன் 17
தலைவலி. ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

ஜூன் 22
அக்கா இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். பல வருடங்களுக்கு முன்னால் பக்கத்து அறைக்கு ஒரு பெண் வந்தாளாம். ஜவுளிக்கடை வேலை என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்கள். பதினாறு இருக்கும். மூன்றாம் நாள் விடியற்காலை அக்கா அவளை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், டிக்கெட் எடுத்து, ஊர் பஸ்ஸில் உட்கார வைத்திருக்கிறார்.

“ஸ்டேஷனுக்கு ஏன் போகல அக்கா?”

“போனா நானும் அக்யூஸ்ட் ஆயிடுவேனே.”

கூட்டி வந்தவன் மேல் கடைசி வரை வழக்கு இல்லை. எந்தக் கணக்கிலும் அவள் இல்லை, நான் இரவெல்லாம் முட்டிக்கொண்ட அந்த 150 நாட்டுக் கணக்கிலும் இல்லை. மேடத்துக்கு என் பதில் இங்கேதான் தொடங்கவேண்டும். புதிதாக வருபவள் சிறுமியா, ஏமாந்து வந்தவளா என்று முதலில் அறிவது அடுத்த அறைப் பெண். கொல்கத்தாவின் சிவப்பு விளக்குப் பகுதியான சோனாகாச்சியில், பாலியல் தொழிலாளர்களின் தர்பார் அமைப்புப் பெண்கள் அதற்காகத் தாங்களே குழு வைத்து விசாரிக்கிறார்கள். அந்த அடுத்த அறைப் பெண்ணைச் சட்டம் குற்றவாளி ஆக்கிவிட்டால் தகவல் யார் சொல்வார்கள்?

அந்தப் பெண் ஊர் போய்ச் சேர்ந்தாளா என்று கேட்டேன். அக்காவுக்குத் தெரியாது.

ஜூலை 1
இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஆள்கடத்தலுக்கு இன்று முதல் பிரிவு 370 இல்லை, 143. அது வருகிற எல்லா அடிக்குறிப்பையும் மாற்றவேண்டும். 1956 சட்டம் அப்படியே இருக்கிறது. பிரிவு 4-ம்.

ஜூலை 4
கடிதம் வந்தது. ‘பரிசீலனையில் உள்ளது.’ இதைச் சொல்ல இரண்டு மாதம்.

ஜூலை 7
1956 சட்டத்தின் பிரிவு 4: 18 வயதுக்கு மேற்பட்ட எவரும், இன்னொருவர் இத்தொழிலில் ஈட்டுவதில் முழுதாகவோ ஓரளவோ தெரிந்தே வாழ்ந்தால், இரண்டாண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே வசிப்பவர் என்று காட்டினால் போதும், இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. புரோக்கரை மனதில் வைத்து எழுதியதுதான். ஆனால் ‘எவரும்’ என்றுதான் இருக்கிறது.

மே மாதம் அக்கா கேட்டார்: “அவனுக்குப் பதினெட்டு ஆனப்புறம் நான் ஃபீஸ் கட்டினா, அவன் மேல கேஸ் வருமா?” பார்த்துச் சொல்கிறேன் என்றேன். 2022 மே 19 உச்ச நீதிமன்ற உத்தரவைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். தாய் இத்தொழிலில் இருக்கிறாள் என்பதற்காக மட்டும் பிள்ளையைப் பிரிக்கக்கூடாது என்கிறது. அது குழந்தையைப் பற்றிய வரி. நாளை மறுநாள் அவன் குழந்தை இல்லை.

ஜூலை 8
மேடத்திடம் கேட்டேன். யோசித்துவிட்டு, “நடைமுறையில் போடமாட்டார்கள்” என்றார். இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது?

ஜூலை 9
கேசரி கிண்டி டிபன் பாக்ஸில் ஹாஸ்டலுக்கு எடுத்துப்போனாராம். படம் வந்தது. தம்பியின் முகம் இல்லை, கையும் ஸ்பூனும் மட்டும். கீழே: “அடுத்த தவணை ஆகஸ்ட்ல. யார் பேர்ல கட்டணும் பாப்பா?”