டிராக்கரைப் பேனலில் ஒட்டாதீர்கள், தோளில் மாட்டுங்கள்

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் மிண்டன் என்ற ஊரிலிருந்து, இஞ்சின் இல்லாத விமானமான கிளைடரில் கிளம்பி, பைன் நட் மலைகளைத் தாண்டிக் கிழக்கே போயிருந்தேன். நாலு மணி வரை நன்றாகத் தூக்கிய தெர்மல்கள், அதாவது மேலெழும் சூடான காற்று, ஒரேயடியாக அடங்கிவிட்டன. அரை மணி நேரம் எங்கெங்கோ தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு வறண்ட ஏரிப் படுகையில் இறங்கினேன். இறங்கியது சுத்தமாக இருந்தது, கிளைடருக்கு ஒரு கீறல் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளைக் களிமண்தான், போனில் ஒரு புள்ளி சிக்னல்கூடக் கிடையாது. அதற்குத்தானே, நாம் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாக வீட்டுக்கு அனுப்பும் சாட்டிலைட் டிராக்கர் வாங்கி வைத்திருக்கிறோம் என்று பக்கவாட்டுப் பையிலிருந்து அதை எடுத்து, "பத்திரமாக இறங்கிவிட்டேன்" என்ற செய்தியை அனுப்பினேன். சில நிமிடங்களில் மனைவியிடமிருந்து பதில் வந்தது: "ஐம்பது நிமிஷமா நீ மலை மேலயே நிக்கற. கிளப்புக்கு போன் பண்ணிட்டேன்."

அந்த ஒரு வரியைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. நான் தெர்மல் தேடி அலைந்த நேரம் முழுக்க, வீட்டில் அவள் வரைபடத்தில் நகராத ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் மலைச்சரிவில் நிற்கும் புள்ளி. டிராக்கர் பழுதாகவில்லை, நான் வைத்த இடம்தான் தப்பு. எங்கள் கிளைடரின் உடல் கார்பன் ஃபைபர். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் ரேடியோ அலைகளை நன்றாக மறைக்கும். பையில் இடுப்புக்குக் கீழே கிடந்த கருவிக்கு வானமே தெரிந்திருக்காது.

அன்றிலிருந்து இந்த விஷயத்தை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். கிளைடர் காக்பிட் என்பது உடம்பை நுழைத்துப் படுக்கும் அளவு இடம், அவ்வளவுதான். அதற்குள் ரேடியோ, தரை ரேடாருக்கும் மற்ற விமானங்களுக்கும் நம்மைக் காட்டும் டிரான்ஸ்பாண்டர், மற்ற கிளைடர்கள் நெருங்கினால் எச்சரிக்கும் ஃப்ளார்ம், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் வேரியோமீட்டர், வழிகாட்டும் எக்ஸ்சிசோர் செயலி ஓடும் போன் அல்லது டேப்லெட், உயரத்துக்குப் போனால் ஆக்சிஜன் கருவி என்று எல்லாவற்றையும் திணிக்கிறோம். இஞ்சின் இல்லாததால் ஜெனரேட்டரும் இல்லை. எல்லாம் ஒன்றிரண்டு 12 வோல்ட் பேட்டரியை நம்பித்தான் ஓடுகின்றன. இந்தக் கூட்டத்தில் கடைசியாக வந்து சேர்வது டிராக்கர், அதனால் மிச்சம் இருக்கிற மூலையில் அதைச் செருகிவிடுகிறோம். இது சரியில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. இந்த ஒரு கருவி மட்டும் மற்ற எதனோடும் சேராமல் தனியாக, உங்கள் உடம்போடு இருக்க வேண்டும்.

முதலில் மின்சாரம். நானும் ஆரம்பத்தில் டிராக்கரைக் கிளைடர் பேட்டரியோடுதான் இணைத்தேன், காரில் போன் சார்ஜ் செய்ய வைக்கிற மலிவான அடாப்டர் ஒன்றின் வழியாக. அதைச் செருகியதும் ரேடியோவில் இடைவிடாத 'ஸ்ஸ்ஸ்' சத்தம். இரைச்சலை வெட்டும் ஸ்குவெல்ச்சை ஏற்றிவைத்தால் சத்தம் அடங்கியது, ஆனால் தூரத்தில் இருக்கிறவர்களின் பேச்சும் சேர்ந்து அடங்கியது. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் அடாப்டர், ஒரு நொடிக்குள் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி ஒட்டுகிறது. சரியான வடிகட்டி இல்லாவிட்டால் அந்த இரைச்சல் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான விமான ரேடியோ அலைவரிசை வரைக்கும் பரவும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: தரையில் இருக்கும்போதே ரேடியோவை ஆன் செய்து ஸ்குவெல்ச்சைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்க்க வேண்டியதுதான். நான் அடாப்டரைப் பிடுங்கியதும் சத்தம் கத்தரித்தது போல நின்றது. டிராக்கருக்கு உள்ளேயே பேட்டரி இருக்கிறது, முந்தின நாள் இரவு முழுதாகச் சார்ஜ் செய்தால் ஒரு நாள் பறப்புக்குத் தாராளமாகப் போதும். பிறகு எதற்கு ஒயர்?

அடுத்தது ஜிபிஎஸ். இது கொஞ்சம் நுட்பமான சங்கதி. ஜிபிஎஸ் 1575.42 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. இன்ரீச் டிராக்கர்கள் பயன்படுத்தும் இரிடியம், ஸ்பாட் டிராக்கர்கள் பயன்படுத்தும் குளோபல்ஸ்டார் ஆகிய செயற்கைக்கோள் சேவைகள் இரண்டும் அதற்குப் பக்கத்திலேயே, 1610க்கும் 1627க்கும் நடுவில் அனுப்புகின்றன. ஜிபிஎஸ் சிக்னல் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்து சேரும்போது ஏதோ முணுமுணுப்பு மாதிரிதான் இருக்கும். அந்த முணுமுணுப்பைக் கேட்க முயல்கிறவரின் காதருகே நின்று ஒருவர் கத்தினால் எப்படியோ, அப்படித்தான் ஃப்ளார்மின் ஜிபிஎஸ் ஆன்டெனா பக்கத்தில் டிராக்கரை வைப்பது. பையை விட்டு, எதிரே கருவிகள் பொருத்தியிருக்கும் பேனலின் மேல் விளிம்புக்கு டிராக்கரை மாற்றிய முதல் வாரம், வீட்டுக்கு வந்து ஃப்ளார்மின் பறப்புப் பதிவு ஃபைலைத் திறந்து பார்த்தேன். அதில் ஒவ்வொரு வரியிலும், ஜிபிஎஸ் சரியாகப் பிடித்திருந்தால் 'ஏ' என்ற எழுத்து இருக்கும், பிடி நழுவினால் 'வி' வரும். வரிசையாக 'ஏ' வந்துகொண்டிருந்த இடத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று நான்கு வரிக்கு 'வி' எட்டிப் பார்த்தது. என் டிராக்கர் இடம் அனுப்பும் இடைவெளியும் அதே இரண்டு நிமிடம். ஒரு முழம் தள்ளி வைத்ததும் 'வி' காணாமல் போனது. சாதனைப் பறப்புக்குப் பதிவு கெடுகிறது என்பதைவிட, மோதலைத் தடுக்கும் கருவிக்கு அந்த நொடிகளில் தன் இடமே தெரியாது என்பதுதான் எனக்குப் பயம் தந்தது.

மோதல் என்றதும் மிண்டனில் பறக்கிற எல்லோருக்கும் ஞாபகம் வருவது 2006 ஆகஸ்ட் 28. நெவாடாவின் ஸ்மித் வேலிக்கு மேலே, சுமார் 16,000 அடியில், ஒரு ஹாக்கர் 800எக்ஸ்பி ஜெட்டும் ஒரு கிளைடரும் மோதிக்கொண்டன. கிளைடரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது, ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்திலேயே பறக்கப் போகிறோம், பேட்டரியை ரேடியோவுக்கு மிச்சம் பிடிக்கலாம் என்று விமானி நினைத்திருக்கிறார். அவர் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார், ஜெட் கார்சன் சிட்டியில் சக்கரம் இல்லாமலே வயிற்றால் இறங்கியது. யாரும் சாகவில்லை. விசாரணை அறிக்கையைப் படித்தால் பேட்டரி விஷயம்தான் மனதில் நிற்கும், நிற்க வேண்டியதும்தான். கிளைடர் பேட்டரியிலிருந்து டிராக்கர், போன், டேப்லெட் என்று உறிஞ்சிவிட்டுப் பிறகு டிரான்ஸ்பாண்டரை அணைக்கிற நிலைக்கு வரவே கூடாது.

எனக்கு அதோடு இன்னொன்றும் தோன்றியது. குதித்த பிறகு பேனலில் ஒட்டியிருந்த எதுவும் அவரோடு வராது. கிளைடர் ஒரு பக்கம் விழும், நீங்கள் காற்றில் மிதந்து வேறொரு பக்கம் இறங்குவீர்கள். கால் உடைந்து ஒரு மலைச்சரிவில் கிடக்கும்போது, கிலோமீட்டர்கள் தள்ளி நொறுங்கிய பேனலில் இருக்கிற எஸ்ஓஎஸ் பட்டனால் என்ன பிரயோஜனம்?

அதனால் இப்போது என் டிராக்கர் பாராசூட் பட்டையில், வலது தோள் பக்கம். ஏன் வலது என்றால், எங்கள் பாராசூட்டில் இழுக்கும் கைப்பிடி இடது நெஞ்சில் இருக்கிறது, அதன் பக்கத்தில் ஒரு நூல்கூடத் தொங்கக் கூடாது. கவனிக்க வேண்டியது, பாராசூட் பட்டை, சீட் பெல்ட் இல்லை. இரண்டும் தோளில் ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் கிடக்கும், அவசரத்தில் தவறான பட்டையில் மாட்டிவிட்டால் குதிக்கும்போது பெல்ட்டோடு டிராக்கரும் கிளைடரிலேயே தங்கிவிடும். நான் மாட்டிய பிறகு, தரையில் கண்ணை மூடிக்கொண்டு கெனோப்பி (காக்பிட்டின் கண்ணாடி மூடி), பெல்ட், எழுந்திரு என்று குதிக்கிற வரிசையைச் செய்து பார்க்கிறேன். ஆக்சிஜன் குழாய் அதில் சிக்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். தலைக்கு மேலே கெனோப்பி மட்டும்தான், வானம் நன்றாகத் தெரிகிறது. ஃப்ளார்முக்கும் போதுமான தூரம். தோளில் மாட்டிய பிறகு இந்த சீசனில் வரைபடத்தில் பெரிய ஓட்டை எதுவும் விழவில்லை.

இடைவெளி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாதச் சந்தாவில் பத்து இருபது டாலர் மிச்சம் பிடிக்கப் பத்து நிமிட இடைவெளியோடு பறக்கிறவர்களைப் பார்க்கிறேன். 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் நேராகப் போனால் பத்து நிமிடத்தில் சுமார் 30 கிலோமீட்டர் கடந்திருப்பீர்கள். இரண்டு நிமிடத்தில் ஆறு கிலோமீட்டர். தேடுகிறவர்களுக்கு அது ஒரு மாவட்டத்துக்கும் ஒரு பள்ளத்தாக்குக்கும் உள்ள வித்தியாசம். கிளைடரில் 50,000 அடியைத் தாண்டி உலக உயரச் சாதனை படைத்த ஸ்டீவ் ஃபாசெட், 2007 செப்டம்பர் 3 அன்று இதே நெவாடாவில் ஒரு சிறிய விமானத்தில் தனியாகக் கிளம்பித் திரும்பவில்லை. அவசர டிரான்ஸ்மிட்டர் விமானத்தில் இருந்தும் எந்தச் சிக்னலும் வரவில்லை. எத்தனையோ விமானங்கள் தேடின. அடுத்த வருடம் செப்டம்பர் கடைசியில், மலை ஏறப் போன ஒருவர் கண்ணில் அவருடைய அடையாள அட்டைகள் பட்ட பிறகுதான், கலிபோர்னியாவில் மேமத் லேக்ஸ் பக்கத்து மலையில் உடைந்த விமானம் கிடைத்தது. வழியெல்லாம் புள்ளி வைத்துக்கொண்டு போகும் ஒரு கருவி அவரிடம் இருந்திருந்தால், உயிர் பிழைத்திருப்பாரோ இல்லையோ, குடும்பத்தார் ஒரு வருடம் காத்திருந்திருக்க மாட்டார்கள். டிராக்கரின் பெரிய பலம் எஸ்ஓஎஸ் பட்டன் இல்லை, அதை அழுத்த உங்களுக்கு நினைவு இருக்க வேண்டும். நினைவு தப்பினாலும் கடைசிப் புள்ளி எங்கே என்று சொல்வதுதான் அதன் பலம்.

அப்புறம், தரையில் இருக்கிறவர்கள். அந்த ஜூலைக்குப் பிறகு நானும் மனைவியும் உட்கார்ந்து பேசி, ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினோம். புள்ளி பதினைந்து நிமிடம் நகராவிட்டால் எனக்கு ஒரு செய்தி. அரை மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் கிளைடர்களை இழுத்து மேலேற்றும் விமானத்தை ஓட்டுகிற, கிளப்பின் டோ பைலட்டுக்குப் போன், அவர் ரேடியோவில் கூப்பிட்டுப் பார்ப்பார். ஒரு மணி நேரம் ஆகிவிட்டால் யாரையும் கேட்க வேண்டாம், கடைசிப் புள்ளியின் எண்களோடு நேராக ஷெரிஃப் அலுவலகம். கிளைடரின் பதிவு எண், நிறம், நான் எத்தனை மணிக்கு ஆக்சிஜன் தீரும் என்று சொல்லிவிட்டுப் போனேன் என்பதும் அந்தத் தாளில் இருக்கிறது. அடியில் அவள் தன் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "கிளம்பும்போது தோளில் இருக்கிறதா என்று போட்டோ அனுப்பு."

ஒவ்வொரு முறையும் அனுப்புகிறேன்.