டூட்டிக்கு நேரமாச்சு

என் கணவர் நீலகிரி மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறி இறங்கும் வண்டியில், கையில் கொடியுடன் பெட்டியின் முகப்பில் நின்று பிரேக்கை இயக்கும் வேலை அது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் பால் வாங்கப் போனவர் வெறுங்கையுடன் திரும்பிவந்து, எதற்குப் போனேன் என்று என்னையே கேட்டார். முதலில் பார்த்த மருத்துவர், வயதானால் மறதி வரத்தான் செய்யும் என்று அனுப்பிவிட்டார். அதை நம்பி ஓராண்டைக் கடத்தியதில் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் உண்டு. பிறகு கோயம்புத்தூரில் தைராய்டும் பி12 சத்தும் சோதித்தார்கள். அவற்றின் குறைபாட்டாலும் மறதி வரலாம், அப்படியானால் மருந்தால் சரிசெய்ய வாய்ப்புண்டு என்றார்கள். இரண்டும் சரியாகவே இருந்தன. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்த பின் அல்சைமர் என்னும் மறதி நோய் என்று சொல்லி டோனெபெசில் மாத்திரை கொடுத்தார்கள். அது நோயைக் குணப்படுத்தாது என்பதையும் அன்றே சொல்லிவிட்டார்கள்.

பகல் எப்படியோ கழிந்துவிடும். பட்டாணி உரிக்கக் கொடுத்தால் ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருப்பார். கடினமானது மாலை நேரம்தான். மூடுபனி இறங்கி வெளிச்சம் மங்கியதும், "டூட்டிக்கு நேரமாச்சு, என் கொடி எங்கே?" என்று வாசலுக்கு விரைவார். ஆரம்பத்தில் நான், "நீங்க ரிட்டயராகிப் பதினஞ்சு வருஷமாச்சுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்பவர்போல முகம் வாடி நிற்பார். அவருடைய வேலையை நானே தினமும் பறித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்குப் புரியவே பல மாதங்கள் ஆயின.

இப்போது, "வண்டி லேட்டாம்ங்க, டீ குடிச்சிட்டுப் போலாம்" என்கிறேன். "மண் சரிவா?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். இதைப் பொய் என்று எண்ணி நான் உறுத்தப்படுவதில்லை. மூன்றரை மணிக்கே எல்லா விளக்குகளையும் போட்டுவிடுவதால் பதற்றமும் குறைந்திருக்கிறது. இருட்டிய பின் தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமைகள் நடமாடும் என்பதால், கதவின் தாழ்ப்பாளை அவர் பார்வை போகாத கீழ்ப்பக்கத்துக்கு மாற்றியிருக்கிறோம்.

குளிப்பாட்டுவதற்குத்தான் நெடுநாள் போராடினேன். இந்தக் குளிரில் தலையில் தண்ணீர் விழுந்ததும் பயந்து என் கையைத் தட்டிவிடுவார். இப்போது குளியலறையை வெந்நீர் ஆவியால் சூடாக்கிவிட்டு, முதலில் பாதத்தில் ஊற்றி, சொம்பை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். முடிந்ததும் குழாயை மூடுவது அவர் பொறுப்பு. இரண்டு கைகளாலும் பிடித்து, சொட்டு நிற்கும்வரை இறுக்கிச் சுற்றிவிட்டு, போகலாம் என்பதுபோல் என்னைப் பார்த்துக் கையசைப்பார்.