கேரவன் கட்ட எந்த வேன்?

பெங்களூருல வேன் வாங்கி கேரவன் கட்டப் போறவங்க முதல்ல ஆர்.சி.யைப் பாருங்க. மொத்த எடை வரம்புல வெற்று எடையைக் கழிச்சா வர்றதுதான் நீங்க ஏத்தக்கூடிய எடை, உங்க கையிருப்பு. அது சீக்கிரம் கரைஞ்சிடும். 100 லிட்டர் தண்ணி 100 கிலோ. 18 மி.மீ. பிளைவுட் முழு ஷீட் ஒண்ணே சுமார் 35 கிலோ. அலமாரிக்கு 9 மி.மீ. தாராளமா போதும்.

டாடா விங்கர் வேன் முன்சக்கர இழுவை, அதாவது என்ஜின் முன்சக்கரத்தைத்தான் சுத்தும். தரை தாழ்வு, உள்ளே ஏறி இறங்க சுகம். ஆனா தண்ணித் தொட்டி, பேட்டரி எல்லாத்தையும் பின்னாடி அடுக்கினா முன்சக்கரப் பிடி குறையும். மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போற கல்லட்டி மலைப்பாதையில ஏறும்போது 36 கொண்டை ஊசி வளைவு, அதுவும் மழையில, டயர் சுத்தும், வண்டி நகராது. தொட்டியை ரெண்டு அச்சுக்கும் நடுவுல, தரையோட வைங்க. ஃபோர்ஸ் டிராவலர் வேன் பின்சக்கர இழுவை, அதனால பின்பாரத்தோட ஏறும். மலைக்கு என் தேர்வு அதுதான்.

பின்பக்கத்தை இஷ்டத்துக்கு நீட்டாதீங்க, ஓவர்ஹேங் (பின் அச்சுக்குப் பின்னாடி நீட்டி நிக்கிற பாகம்) வீல்பேஸ்ல (ரெண்டு அச்சுக்கும் இடையில உள்ள தூரம்) 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆர்.டி.ஓ. அனுமதி வேலை தொடங்கும் முன்னாடியே வேணும்.

முடிச்சதும் தொட்டி நிரப்பி, ஆளுங்களையும் ஏத்தி எடைமேடையில முன் அச்சு, பின் அச்சு தனித்தனியா நிறுத்துங்க. மொத்தம் சரியா இருந்தும் பின் அச்சு மட்டும் மீறலாம்; ஸ்பிரிங் பட்டையும் டயரும் அங்கதான் போகும்.