பொங்கலுக்குள் நாற்றம் போகுமா? – நீலகிரி கேத்தி வீட்டு செப்டிக் டேங்க் நாட்குறிப்பு

ஜனவரி 4
ராத்திரி எட்டு மணி தாண்டினால் வீடு முழுக்க அழுகிய முட்டை வாடை. பகலில் சுத்தமாக இல்லை, அதனால் ஆளைக் கூட்டி வந்து காட்டினால் என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். போகியன்று ஈரோட்டிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது. அக்காவின் மூக்கு எங்கள் குடும்பத்தில் பிரசித்தம்.

ஜனவரி 6
இரண்டு லிட்டர் பினாயிலை கக்கூஸில் ஊற்றினேன். ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரி வாசனை, அவ்வளவுதான்.

ஜனவரி 9
வாடை முன்பைவிட அதிகம். மேஸ்திரி வந்தார், பினாயில் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "உள்ளே மலத்தைச் செரிக்கிற கிருமியை நீங்களே கொன்னுட்டீங்களே சார்!" ஏற்கெனவே குளிரில் அவை மந்தமாகத்தான் வேலை செய்யுமாம். மூடியைத் திறந்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாது, ஆளைக் கொல்வது அப்போதுதான். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை டேங்குக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது, இன்னமும் இறக்குகிறார்கள் என்பது வேறு கதை. மேஸ்திரி மேலே நின்றபடியே நீளக் கம்பை விட்டுப் பார்த்தார். டேங்க் நிறையவில்லை.

ஜனவரி 10
குற்றவாளி நான்தான். போன வருஷம் கொசுவுக்குப் பயந்து டேங்க் வாயு வெளியேறும் காற்றுக் குழாயின் வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டியிருந்தேன். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் பனி ஈரத்தில் துணி பாசி பிடித்து மூடியாகவே ஆகியிருக்கிறது. அவிழ்த்துவிட்டு நைலான் வலை கட்டினோம்.

அதோடு தீரவில்லை. டேங்க் வீட்டிலிருந்து 15 மீட்டருக்குள் இருந்தால் குழாய் கட்டடத்துக்கு மேல் 2 மீட்டராவது உயர வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. என் டேங்க் நாலு மீட்டர் தூரத்தில், குழாயோ சன்ஷேடுக்குக் கீழேயே நின்றுவிட்டது. ராத்திரி வாடையின் ரகசியமும் இதுதான் என்று நினைக்கிறேன்: வெயில் போனதும் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்குகிறது, பாத்ரூம் ஜன்னல் குழாய்க்கு நேர் கீழ்ச்சரிவில். பகலில் காற்று மேலே கிளம்பிவிடுவதால் எல்லாம் கலைந்துவிடும். குழாயை நீட்டி, இங்கே அடிக்கிற காற்றுக்கு மூன்று இடத்தில் கிளாம்ப் போட்டோம்.

ஜனவரி 12
மற்ற அறைகளில் இல்லை, விருந்தினர் அறையில் மட்டும் இன்னும் லேசாக இருக்கிறது. அரை மணி நேரம் தேடியதில் தெரிந்தது: தீபாவளிக்குப் பிறகு அந்த பாத்ரூமைத் திறக்கவே இல்லை, தரை ட்ராப்பில் (தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே வாயுவைத் தடுக்கிற வளைவு) நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போய் டேங்க் வாயு நேராக அறைக்குள் வருகிறது. ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினேன், மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய். எண்ணெய்ப் படலம் இருந்தால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது.

ஜனவரி 13
கேரட் தோட்டத்தில் உறைபனி, காற்று அசையவில்லை. இதைவிடச் சரியான பரிட்சை கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்கு மங்கிக் குல்லாவோடு வீட்டை மூன்று சுற்று சுற்றி வந்தேன். ஒன்றும் இல்லை.

ஜனவரி 14
அக்கா காரை விட்டு இறங்கினதும், "என்னடா நாத்தம் இது?"

பக்கத்து வீட்டில் போகிக்கு டயர் எரித்துக்கொண்டிருந்தார்கள்.