180.01 டிகிரி

எங்கள் பள்ளிக் கணினி அறையில் பத்து கம்ப்யூட்டர் இருந்தால் ஏழு ஓடும். நெட் அன்றைய மூடைப் பொறுத்தது. அதனால் கணக்குப் பாடத்துக்கென்று இணையத்தில் எது கண்ணில் பட்டாலும், "இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமல் ஓட்டலாமா?" என்றுதான் முதலில் பார்ப்பேன். திரையிலேயே வடிவங்கள் வரைந்து அளந்து பார்க்க உதவும் ஜியோஜீப்ராவிடம் நான் போய்ச் சேர்ந்ததற்கு அதுவே காரணம், வேறு பெரிய கொள்கை எதுவும் இல்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு 2018இல் வந்த புதிய கணக்குப் புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். கியூஆர் கோடு, படி 1, படி 2 என்று போகும். தேர்வில் அதிலிருந்து கேள்வி வராது என்பதால் நானும் முதல் வருஷம் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போனவள்தான். அந்தக் கட்டங்களில் நிறைய இடத்தில் ஜியோஜீப்ராதான் பேசும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் 2001இல் தன் முதுகலை ஆய்வுக்காகச் செய்ய ஆரம்பித்த மென்பொருள் அது. ஒருவருடைய படிப்பு வேலை இங்கே எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கைக்கு வந்திருப்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

போன மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு, 'முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 டிகிரி' என்பதைத் திரும்ப ஒருமுறை காட்டலாம் என்று நினைத்தேன். ஏழாம் வகுப்பிலேயே படித்ததுதான், பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று கணக்கு. ஜியோஜீப்ராவில் பக்கங்கள் 2, 3, 4 என்று ஒரு முக்கோணம் போட்டுக் கோணங்களை அளக்கச் சொன்னேன். பாதிப் பேருக்கு முதலிலேயே குழப்பம். புள்ளிகளைத் தப்பான வரிசையில் தொட்டால் உட்கோணத்துக்குப் பதிலாக வெளியே சுற்றிவரும் பின்வளைக் கோணத்தைக் காட்டிவிடும். ஒருத்தி திரையில் 331.04 என்று வந்து நின்றது. அதைச் சரிசெய்து, மூன்று கோணங்களையும் கூட்டும்படி எல்லோரிடமும் சொன்னேன்.

28.96, 46.57, 104.48.

"180.01 வருது டீச்சர்."

தப்பாகக் கூட்டியிருப்பான் என்று நினைத்தேன். நானே கூட்டினேன். 180.01தான். வகுப்பே சிரித்தது. சரி, தசமத்தில் இரண்டு இடத்தோடு நிறுத்திக் காட்டுவதால் வந்த வினை, ஐந்து இடம் வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அமைப்பை மாற்றினேன். 28.95502, 46.56746, 104.47751. கூட்டினால் 179.99999. இந்த முறை சிரிப்பு இன்னும் பலமாக வந்தது. முன்னே கூடிப்போனது, இப்போது குறைகிறது. வேறு எந்த அளவு கொடுத்திருந்தாலும் இது கண்ணில் படாமலே போயிருக்கலாம். அன்றைக்கு என் வாயில் 2, 3, 4 வந்தது அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "அப்ப 180னு யாரு டீச்சர் முடிவு பண்ணினது?"

பதினாறு வருஷமாகக் கணக்கு எடுக்கிறேன். இந்தக் கேள்வியை ஒரு பிள்ளை தானாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. கரும்பலகைக்குப் போய் மேல் உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டேன். ஒன்றுவிட்ட கோணங்கள் சமம், மூன்றும் சேர்ந்து நேர்கோடு. வருஷாவருஷம் போடுகிற அதே படம்தான். இந்த முறை அது வேண்டும் என்று கேட்டவர்களுக்கு முன்னால் போட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

வீடியோக்களைப் பற்றி அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். கான் அகாடமியை நான் மதிக்கிறேன். சொந்தக்காரப் பெண்ணுக்குத் தூரத்திலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து இவ்வளவு பெரிதாக வளர்ந்தது அது. கல்வித் தொலைக்காட்சிப் பாடங்கள் இருக்கின்றன, யூடியூபில் தமிழிலேயே பத்தாம் வகுப்புக் கணக்கு கொட்டிக் கிடக்கிறது. லீவு போட்ட பிள்ளைக்கு அவை பெரிய உதவி. ஆனால் வீடியோவில் கணக்கு எப்போதும் சரியாக வந்துவிடும், எனக்கு அதுதான் குறை. 180.01 அங்கே வராது, வந்தாலும் வெட்டிவிடுவார்கள். கேமராவைக் காட்டினால் படிப்படியாகப் போட்டுத் தரும் ஆப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. முப்பது நோட்டிலும் ஒரே படிகள் இருந்தால் எனக்குத் தெரிந்துவிடும், அவர்களுக்கும் அது தெரியும்.

இன்னொன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நீல் ஸ்லோன் என்ற கணிதவியலாளர் 1964இலிருந்து எண் தொடர்களைச் சேர்த்துக்கொண்டே வந்து, 1996இல் இணையத்தில் ஏற்றிய OEIS என்ற களஞ்சியம் ஒன்று உண்டு. நாலைந்து எண்களைத் தட்டினால் அந்த எண்கள் எந்தெந்தத் தொடர்களில் வருகின்றன என்று காட்டும். 1, 2, 4, 8, 16 கொடுத்துப் பாருங்கள். அடுத்தது 32தான் என்று நம்மைப் போல அது அடித்துச் சொல்லாது, ஒரு பட்டியலையே நீட்டும். அதில் ஒன்றில் 16க்கு அடுத்தது 31. வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்தால் உள்ளே எத்தனை துண்டு கிடைக்கும் என்ற கணக்கு அது. ஆறு புள்ளிகளைச் சமதூரத்தில் வைத்தால் 30 துண்டுதான் வரும். ஒரு புள்ளியை லேசாக இழுத்தால் நடுவில் குட்டியாக ஒரு முக்கோணம் திறந்து 31 ஆகும். அந்தக் குட்டி முக்கோணம் திறக்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசி பெஞ்ச் பையனுக்கு வருகிறேன். அவன் அப்பா லோடுமேன். போன் வீட்டுக்கு வர இரவு எட்டு மணியாகும். அதில் ஜியோஜீப்ராவை ஏற்றிக்கொண்டு, ஒரு வாரமாக முக்கோணம் முக்கோணமாகப் போட்டு, பழைய நோட்டின் பின்பக்கம் முழுக்க எழுதிக் கொண்டுவந்தான். 180.00, 180.01, 179.99. இவை மூன்றும்தான் மாறி மாறி இருந்தன.

"180.02 வரவே மாட்டேங்குது டீச்சர். இன்னும் தேடணுமா?"

உடனே பதில் சொல்லவில்லை. தெரியாததால்தான். ராத்திரி இட்லி மாவு அரைபடும்போது யோசித்தேன். இரண்டு இடத்துக்கு முழுமையாக்கும்போது ஒரு கோணத்தில் அதிகபட்சம் 0.005தான் பிசகும். மூன்று கோணத்துக்கு 0.015. திரையில் தெரியும் கூடுதலோ நூறில் ஒரு பங்காகத்தான் ஏறும், இறங்கும். ஆகவே 0.01 வரை போகலாம், 0.02க்கு எட்டாது. எத்தனை ராத்திரி தேடினாலும் கிடைக்காது.

மறுநாள் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை அவனையே பலகையில் எழுதவிட்டேன். எழுதி முடித்து சாக்பீஸைக் கீழே வைக்காமலே நின்றான்.

"நாற்கரத்துக்கு நாலு 0.005 இல்ல டீச்சர்? சரியா 0.02 ஆகுதே. அப்ப 360.02 வரும்ல?"

"வரும்னா போட்டுக் காட்டு" என்றேன். நேற்று வரை 360.01தான் கொண்டுவந்திருக்கிறான்.