கால்சியம் 9.2 நார்மல்தான், எலும்பு?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் கால்சியம் 9.2 என்று இருக்கும். 8.5-க்கும் 10.5-க்கும் நடுவில் இருப்பதால் பக்கத்தில் எந்தக் குறியும் இருக்காது. "கால்சியம் நார்மல்னு சொல்லிட்டாங்க, அப்புறம் ஏன் இடுப்பு வலிக்குது?" என்று கேட்கிறவர்கள் ஏராளம். உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் அந்தத் துளியளவு கால்சியம் குறைந்தால் தசை இழுத்துக்கொள்ளும், இதயத்துடிப்பு தடுமாறும். அதனால் எலும்பைக் கரைத்தாவது உடம்பு அந்த அளவைக் காப்பாற்றிவிடும்.

இந்த வேலையைப் பார்ப்பவை தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள். பெரும்பாலோருக்கு நான்கு. கால்சியம் லேசாக இறங்கினாலே நிமிடங்களில் இவை சுரக்கும் பி.டி.எச். ஹார்மோன் ஏறும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும். சிறுநீரில் வீணாகாமல் பிடித்துவைத்து, பாஸ்பரஸை வெளியே தள்ளும். வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றச் சொல்லிச் சிறுநீரகத்தையும் முடுக்கும். அப்போதுதான் குடல் கூடுதலாக உறிஞ்சும். வைட்டமின் டி இருப்பே இல்லையென்றால் மொத்தச் சுமையும் எலும்பின் தலையில்.

அப்படிப்பட்டவரின் ரிப்போர்ட்டைப் பாருங்கள்: கால்சியம் 9.2, பாஸ்பரஸ் குறைவு, அல்கலைன் பாஸ்பேட்டேஸ் (எலும்பு பாதிக்கப்பட்டால் ஏறும் நொதி) கூடுதல், பி.டி.எச். கூடுதல். தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றித்தான் எழுவார். எலும்பு மெலிந்து மென்மையாகிக்கொண்டிருக்கும்போதும் கால்சியம் எண் அசையாமல் நிற்கும். ஆகவே கால்சியத்தை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. இவற்றோடு வைட்டமின் டி, சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின், ரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் புரதமான ஆல்புமின் மூன்றும் வேண்டும். ஆல்புமின் 4-க்குக் கீழே 1 குறைந்தால் கால்சியத்தோடு 0.8 கூட்டிக்கொள்ள வேண்டும். கால்சியம் 8.2, ஆல்புமின் 3 என்றால் உண்மையில் சுமார் 9.

மாதவிடாய் நின்றபின் எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கிவைத்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்துவிடும்; முதல் சில ஆண்டுகளில்தான் எலும்பு இழப்பு வேகமாக இருக்கும்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350, ஒரு டம்ளர் (200 மில்லி) பாலில் சுமார் 240. பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும் அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் கட்டிப்போடுவதால் உடம்பில் சேருவது சொற்பம். இதற்கு முருங்கைக்கீரை எவ்வளவோ மேல். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பு ஏறினால், சிறுநீரில் சோடியம் போகும்போது கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

மாத்திரை அட்டையில் கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம் என்றிருந்தால் கிடைக்கும் கால்சியம் 500தான். ஒரு வேளைக்கு அதற்கு மேல் போட்டால் குடல் உறிஞ்சும் பங்கு குறைந்துவிடும். கார்பனேட்டைச் சாப்பாட்டோடு போட வேண்டும், கரைய அமிலம் வேண்டுமே! தினமும் அசிடிட்டி மாத்திரை போடுகிறவர்களுக்கு கால்சியம் சிட்ரேட் பொருத்தம். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி கட்டாயம். இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்து விழுங்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட பயப்பட வேண்டியது 60,000 யூனிட் வைட்டமின் டி. வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்ததை தினம் ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள். சில வாரங்களில் வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர். வயதானவர்களுக்குப் பேச்சே குழறும். அப்போது கால்சியம் 13-ஐத் தாண்டியிருக்கலாம், சிறுநீரகம் கெடும். கால்சியம், வைட்டமின் டி இரண்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டு, தீர்ந்த அட்டைகளைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.