சீப்பில் ஒட்டாத காகிதம்

போன ஐப்பசியில், அரையாண்டுப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று அக்கா மகள் இயற்பியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிளஸ் டூவில் முதல் பாடமே நிலைமின்னியல், அதாவது தேய்த்தால் பொருளில் ஏறி நிற்கும் மின்சாரம். சரி, கணக்குக்குப் போவதற்கு முன்னால் ஒரு வித்தை காட்டலாம் என்று சீப்பை எடுத்துத் தலையில் பரபரவென்று தேய்த்து, கிழித்துப் போட்ட பேப்பர் துண்டுகளுக்கு மேல் பிடித்தேன். ஒன்றுகூட அசையவில்லை. இன்னும் வேகமாகத் தேய்த்தேன், தலைதான் எரிந்தது. அவள் தலையில் தேய்த்தால் அதைவிட மோசம், என் அம்மா காலையில்தான் அவளுக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்டிருந்தார்.

"மாமா, புக்குல பொய் போட்டிருக்காங்களா?"

வெளியே மூன்று நாளாக விடாத மழை. போனில் ஈரப்பதம் 90-க்கு மேல் காட்டியது. எனக்கு என் பள்ளி ஞாபகம் வந்துவிட்டது. கண்ணாடித் தண்டைப் பட்டுத் துணியில் தேய்த்து சார்ஜ் இருந்தால் தகடு விரிந்து காட்டும் மின்காட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள், தகடு விரியவே இல்லை, "விரிஞ்சதா எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். நாற்பது பேரும் விரிந்ததாக எழுதினோம். ஏன் விரியவில்லை என்று யாரும் கேட்கவில்லை, எனக்கு அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இந்தச் சோதனை வருஷத்தில் பாதி நாள் வேலை செய்யாது, அதுதான் விஷயம். ஈரக்காற்று மின்சாரத்தைக் கடத்திவிடுகிறது என்று பலர் சொல்வார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். காற்றைவிடப் பெரிய குற்றவாளி சீப்பின் மேற்பரப்புதான். ஈரப்பதம் ஏறும்போது பிளாஸ்டிக்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது, அதில் நம் கை வியர்வையின் உப்பும் கடல்காற்று கொண்டுவந்து போட்ட உப்பும் கரைந்துவிட்டால் அந்தப் படலம் வழியாக, தேய்த்ததில் ஏறிய மின்னூட்டம் (சார்ஜ்) நழுவிக் கைக்கு வந்து தரைக்குப் போய்விடும். ஜன்னல் கம்பியை இரண்டு வருஷத்தில் துருப்பிடிக்க வைக்கிற அதே உப்பும் ஈரமும்தான். தேய்க்கும்போது மின்னூட்டம் உண்டாகத்தான் செய்கிறது, தங்குவதில்லை. டெல்லியில் இருக்கும் பெரியப்பா மகன் மார்கழியில் கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே சுரீர் என்று அடிக்கிறது என்று புலம்புவான். காய்ந்த காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டித் தீப்பொறி பாய 3000 வோல்ட் அளவுக்கு வேண்டும், அவன் உடம்பில் அவ்வளவு ஏறி நிற்கிறது. மின்னூட்டத்தின் அளவு மைக்ரோகூலூமுக்கும் (மின்னூட்டத்தின் அலகான கூலூமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே என்பதால் வெறும் வலியோடு போகிறது.

அன்றைக்கு மழையிலேயே ஒன்றைச் செய்து காட்ட முடிந்தது, செல்லோடேப் புண்ணியம். மேஜைமேல் ஒரு டேப்பை ஒட்டி அதற்கு மேல் இரண்டு துண்டுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டிச் சட்டென்று உரித்துத் தொங்கவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடிக்காத சம்பந்திகள் மாதிரி விலகி நிற்கும். ஒன்றின் முதுகில் இன்னொன்றை ஒட்டி, பிறகு இரண்டையும் பிரித்தால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். உரித்த நொடியில் பரப்பு புதுசாக இருப்பதால் ஈரம் படியும் முன்னால் பார்த்துவிடலாம், சீக்கிரம் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

டேப் இரண்டும் சேர்வதும் விலகுவதும் அவளுக்குப் புரிந்தது, எதிரெதிர் என்றால் கவரும், ஒரே வகை என்றால் விலக்கும். அப்புறம்தான் நல்ல கேள்வியைக் கேட்டாள்: "பேப்பருக்குத்தான் சார்ஜே இல்லையே, அது ஏன் சீப்புகிட்ட வரணும்?"

இந்த விசையைச் சொல்லும் கூலூம் விதியில் இரண்டு மின்னூட்டங்களையும் பெருக்கி, தூரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும், ஒன்று சுழியம் என்றால் விசையும் சுழியம்தானே. மார்க்குக்குப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் நிற்பதே இல்லை. பேப்பரில் மின்னூட்டம் இல்லை என்று சொன்னால், நேரும் (பாசிட்டிவ்) எதிரும் (நெகட்டிவ்) சமமாக இருக்கிறது என்று அர்த்தம். எதிர் மின்னூட்டம் ஏறிய சீப்பு பக்கத்தில் வந்ததும் பேப்பரின் மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் கொஞ்சம் பின்வாங்கும், சீப்பைப் பார்த்த பக்கம் நேர், மறுபக்கம் எதிர். இரண்டும் சம அளவு, ஆனால் தூரம் சமம் இல்லை. நேர்ப்பக்கம் 1 செ.மீ. தூரத்திலும் எதிர்ப்பக்கம் 1.1 செ.மீ. தூரத்திலும் இருப்பதாக வைத்தால், தூரத்தின் வர்க்கத்தால் வகுக்கும்போது விலக்கு விசை கவர்ச்சியில் 83 விழுக்காடுதான் வரும். மிச்சம் இருக்கிற 17 விழுக்காடுதான் பேப்பரைத் தூக்குகிறது. விசை தூரத்தைப் பொறுத்து மாறாமல் இருந்திருந்தால் எந்தச் சீப்பும் எந்தப் பேப்பரையும் தூக்கியிருக்காது. ஒட்டிய துண்டு கொஞ்ச நேரத்தில் எகிறி விழுவதைப் பார்த்திருப்பீர்கள், சீப்பின் மின்னூட்டத்தில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு அதே வகையாகிவிட்டதால் தள்ளப்படுகிறது.

(இந்த விசையை லேசாக நினைத்துவிட வேண்டாம். பக்கத்தில் நெய்வேலி மாதிரி அனல்மின் நிலையங்களில் புகையோடு பறக்கும் சாம்பலைப் பிடிப்பது இதுதான். பல்லாயிரம் வோல்ட் கொடுத்துச் சாம்பல் துகளுக்கு மின்னூட்டம் ஏற்றி, தகடுகளில் ஒட்டவைத்து, தட்டி உதிர்ப்பார்கள்.)

கூலூம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதுச்சேரிப் பக்கம் இருந்துகொண்டு அவரை வெறும் விதியாக மட்டும் படிப்பது அநியாயம். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் கோட்டை கட்டும் எஞ்சினியர். 1761-ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்து இங்கிருந்த பிரெஞ்சுக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள், மூன்று வருஷம் கழித்து அதே பிரான்ஸ் அவரை கரீபியன் கடலில் இருக்கும் மார்ட்டினீக் தீவுக்குக் கோட்டை கட்ட அனுப்பியது. கப்பலை இந்தப் பக்கம் திருப்பியிருந்தால் நம் ஊர்க்காரர்கள் அவருக்குச் சுண்ணாம்பு குழைத்துக் கொடுத்திருப்பார்கள். ஊர் திரும்பிய பிறகு மெல்லிய வெள்ளிக் கம்பி எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பதை வைத்து விசையை அளந்து, 1785-ல் அந்த விதியை அறிவித்தார். பாடப்புத்தகம் அதோடு நின்றுவிடும். அதே 1785-ல் அவர் இன்னொரு கட்டுரையும் எழுதினார், மின்னூட்டம் ஏறிய பொருள் ஈரக்காற்றிலும், அதைத் தாங்கும் நூல் வழியாகவும் குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவை இழக்கிறது என்று. சீப்பு ஏன் ஏமாற்றியது என்ற கேள்வியைப் பாரிஸில் உட்கார்ந்து மனுஷன் அளந்தே வைத்திருக்கிறார்! இதைச் சொன்னதும் அவளுக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே.

பரீட்சை எல்லாம் முடிந்து வைகாசியில் திரும்ப வந்தாள். மார்க்குக்கு அவசியமே இல்லை, இருந்தாலும் செய்யணும் என்றாள். கத்திரி வெயில், காலையிலிருந்து மேற்கேயிருந்து வரும் மேல்காற்று அனலாக அடித்தது, கடல்காற்று திரும்பும் வரை இந்த ஊரில் கிடைக்கிற ஒரே வறட்சி அதுதான். இரண்டு சின்ன தெர்மோகோல் உருண்டைகள், மேலே சாப்பாடு கட்டித் தரும் வெள்ளித்தாள், அம்மாவின் கிழிந்த பட்டுப்புடவையிலிருந்து உருவிய நூல் ஒவ்வொன்றுக்கும் அரை மீட்டர். தெரிந்த நகைக்கடை அண்ணன் ஒரு உருண்டையைத் தராசில் வைத்து "நூறு மில்லிம்மா" என்றார், அதாவது 0.1 கிராம். ஒரே ஆணியில் இரண்டையும் தொங்கவிட்டு, பிவிசி குழாயைப் பட்டில் தேய்த்துத் தொட்டோம். டக்கென்று பிரிந்து 5 செ.மீ. விலகி நின்றன.

கணக்கை அவளே போட்டாள். சாய்வுக்கு 2.5-ஐ 50-ஆல் வகுத்தால் 0.05, எடை ஒரு மில்லிநியூட்டன், ஆக விசை 0.05 மில்லிநியூட்டன். கூலூம் விதியின் மாறிலி 900 கோடி. விசையைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, மாறிலியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஒவ்வொரு உருண்டையிலும் 3.7 நானோகூலூம் (நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு). எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.6 × 10⁻¹⁹ கூலூம், அதனால் வகுத்தால் கிட்டத்தட்ட 2300 கோடி எலக்ட்ரான்கள் கூடுதலாக ஏறியிருக்கின்றன. "அம்மாடி" என்றாள். உருண்டையில் ஏற்கனவே இருக்கிற எலக்ட்ரான்களை எண்ணச் சொன்னேன், கணக்குப் பார்த்தால் அதில் லட்சம் கோடிக்கு ஒன்றுகூடக் கூடவில்லை, அதற்கே ஐந்து சென்டிமீட்டர்.

பிறகு ஸ்கேலையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். 5 செ.மீ. மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. இடைவெளி பாதியானபோது மின்னூட்டம் பாதியாகவில்லை, மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் மிச்சம் என்று அவளாகவே கண்டுபிடித்து நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டாள். ஒரு மணி தாண்டியதும் காற்று திரும்பிவிட்டது. "அப்பாடா, கடல்காத்து வந்துடுச்சு" என்று அம்மா கிழக்குப் பக்க ஜன்னலைத் திறந்தார். "பாட்டீ, மூடுங்க மூடுங்க" என்று அவள் கத்தி முடிப்பதற்குள் இரண்டு உருண்டைகளும் ஆடி, ஒன்றோடொன்று உரசி, ஊஞ்சல் சங்கிலி மாதிரி நேராகத் தொங்கின.